மேசை நான்கின் சீட்டு

மனிதர்கள் பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ஆச்சரியமே வராது. இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்துத்தான் சோறு தின்றேன். மூன்று வருஷமாகச் சொல்லிவந்த பொய்யை ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சட்டென்று நிறுத்திவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம் வரும்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு வால்வு ஆலையில் அதுதான் நடந்திருந்தது. என் ஃபோனுக்கு வந்த தகவல் ஒரே வரி: "மேசை நான்கு. வெள்ளி முதல் மாற்றம். நேரில் பார்க்கவும்." அனுப்பியது நிதானம்.

நிதானம் என்பது ஆள் பெயர் அல்ல. மாநிலத்தில் இருக்கும் எல்லா ஆலைகளுக்கும் நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கும் கணினி. யார் எதை எப்போது செய்ய வேண்டும், எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அது வைத்ததுதான் சட்டம். அது சொன்ன தேதி ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று சட்டசபையிலேயே பெருமையாகப் பேசுவார்கள். நான் அப்போது அதன் கீழ் வேலை பார்த்த தணிக்கையர். பெயர் பிரணவ். வயது நாற்பத்தொன்பது.

மேலாளர் நவநீதன் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க சார், வாங்க. மூணு வாரத்துக்கு முன்னால வந்தப்ப ஒண்ணாம் மேசையப் பாத்துட்டு அப்படியே ஓடிட்டீங்க. இந்தத் தடவ டீ குடிச்சுட்டுத்தான் போகோணும்" என்றார். டீயில் சர்க்கரை பாதி, டீ பாதி. எனக்கு டீயில் சர்க்கரை ஏறினால் சந்தேகமும் ஏறும். ஆனால் அந்த மனிதருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்பது போகப் போகப் புரிந்தது. சிலருக்கு அதுவும் ஒரு பாக்கியம்.

போகிற வழியில் ஒரு பெரிய கொட்டகையைக் காட்டினார். உள்ளே வெள்ளைக் கோடு போட்டு வலை கட்டியிருந்தது.

"இதாங்க சார் பழைய கிடங்கு. அந்தக் காலத்துல மூணு மாசத்துச் சரக்கு இங்க அடுக்கிக் கெடக்குமாம். மெஷின் நின்னா, ஆள் வரலீன்னா, லாரி பழுதாப் போனா, இதுல இருந்து எடுத்துக் குடுப்பாங்களாம். இப்ப பசங்க ஷட்டில் ஆடுறாங்க."

"இப்போது ஆள் வராவிட்டால் என்ன செய்கிறீர்கள்?"

"வராதுன்னு நிதானத்துக்கு முன்னாடியே தெரியுமுங்களே! எவ காலைல வேகம், எவ மத்தியானம் சாஞ்சிருவா, எந்த மெஷின் எப்ப மக்கர் பண்ணும்னு எல்லாரோட ஆட்டமும் அதுகிட்ட இருக்குது. பொறவு இருப்பு எதுக்கு சார்? காலைல செஞ்ச வால்வு சாயங்காலம் மதுரை ஆஸ்பத்திரில இருக்குது. எடுத்து வெச்சா ஜெயிலு."

அவர் ஆட்டம் என்றது ஒரு எண். ஒருவர் செய்யும் வேலை மணிக்கு மணி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று நிதானம் போடும் மதிப்பு. மெதுவாகச் செய்பவர்மேல் அதற்குக் கோபமே கிடையாது. ஒரு மணிக்கு ஐம்பது, அடுத்த மணிக்கு முப்பது என்று செய்பவரைக் கண்டால்தான் ஆகாது. ஆட்டம் ஆறுக்கு மேல் பத்து வேலைநாள் நின்றால் வேலை போய்விடும். வேலை போனாலும் எண் போகாது. எந்த ஆலை வாசலுக்குப் போனாலும் நமக்கு முன்னால் அது போய் நிற்கும். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அதைக் கேட்கிறார்கள்.

என் ஆட்டம் அப்போது ஒன்று புள்ளி ஒன்று. எப்படி என்கிறீர்களா? இரண்டு நாள் வேலைக்கு ஐந்து நாள் கேட்பேன். இரண்டாம் நாளே முடித்து வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் கொடுப்பேன். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

மேசை நான்கில் ஒன்பது பெண்கள். மூன்று வருஷமாக அவர்களுடைய ஆட்டம் பூஜ்யம் புள்ளி நான்கு. மணிக்கு நாற்பத்தொரு வால்வு, ஆளுக்கு, மழையோ வெயிலோ, தீபாவளிக்கு முந்தின நாளோ. வெள்ளிக்கிழமையிலிருந்து எட்டு புள்ளி ஏழு. நான் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு புள்ளி ஏழு கெட்ட எண்தான், ஆனால் மனுஷர்களுக்கு வரக்கூடிய எண். பூஜ்யம் புள்ளி நான்கு எந்த மனுஷனுக்கும் வராது. ஆக, பொய் இப்போது நடக்கவில்லை. மூன்று வருஷமாக நடந்தது, வெள்ளிக்கிழமை நின்றது. வேலை போகும் என்று தெரிந்தும் ஏன் நிறுத்தினார்கள்?

தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போய் நின்றேன். அவர்கள் செய்வது கட்டைவிரல் நகம் அளவு வால்வு. வீட்டில் சுவாசக் கருவியோடு வளரும் கைக்குழந்தைகளுக்கானது. நடுவில் மெல்லிய ரப்பர் இதழ் ஒன்று. குழந்தை மூச்சை விட்டால் இதழ் திறக்கும், இழுத்தால் மூடிக்கொள்ளும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"சாப்டீங்களா சார்?" என்றார் மேசைத் தலைவி, தலையைத் திருப்பாமலே. பெயர் மோனிஷா. அந்தப் பெயர் உள்ள எல்லாரையும் போல அவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது.

"ஆயிற்று. உங்கள் மேசைக்கு என்ன ஆயிற்று?"

"வயசாச்சுங்க" என்றார். பக்கத்தில் இருந்த ஏழு பேரும் களுக்கென்று சிரித்தார்கள். ஏழு பேர்தான். கடைசி நாற்காலியில் இருந்த பெண் சிரிக்கவில்லை. தியா என்று அட்டையில் இருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். அவள் பக்கம் யாரும் திரும்பவும் இல்லை. மதியச் சாப்பாட்டிலும் பார்த்தேன். எட்டுப் பேர் ஒரு மூலையில் ஒருவர் டப்பாவில் ஒருவர் கை வைத்துச் சாப்பிட்டார்கள். தியா இன்னொரு மூலையில் தனியாகத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

சாப்பாட்டு அறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் மடித்த காகிதத் துண்டுகள். எடுத்துப் பிரித்தேன். ஒன்பது துண்டு, ஒன்பது பெயர், எல்லாவற்றிலும் பெயருக்குக் கீழே 30.

"சீட்டுப் புடிக்கிறாங்க சார். பொம்பளைங்க சமாச்சாரம்" என்றார் நவநீதன். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குலுக்குவாங்க. பாருங்க, இந்த வாரம் குலுக்கல போல."

முப்பது ரூபாய்க்கு எந்த ஊரில் சீட்டு நடக்கிறது? முப்பது ரூபாய்க்கு இப்போது ஒரு டீகூட வராது. முப்பதாயிரம் என்றால் ஆயிரத்தை எழுதாமல் விடுவார்களா? எனக்குத் தலைக்குள் ஏதோ உட்கார்ந்தது. நவநீதனை இன்னொரு டீ போடச் சொல்லி அனுப்பிவிட்டு மோனிஷாவை ஷட்டில் ஆடும் கொட்டகைக்கு வரச் சொன்னேன்.

"முப்பது வால்வு" என்றேன், அவர் உட்காருவதற்குள்.

அவர் முகக்கவசத்தை மெல்ல இறக்கினார். பயந்தவர் முகமாக இல்லை, அலுத்துப் போனவர் முகமாக இருந்தது.

"கண்டுபுடிச்சிட்டீங்க. சந்தோசமுங்களா?"

"எங்கே ஒளித்து வைக்கிறீர்கள்?"

"கையுறை டப்பால. கையுறைய எவனும் எண்ண மாட்டான்." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "யாரு சார் சொன்னது? தியாதான?"

"யாரும் சொல்லவில்லை."

"சும்மா இருங்க சார். யாரும் சொல்லாமயா மெட்ராஸ்ல இருந்து ஆள் வரும்?"

எப்போது தொடங்கினார்கள் என்று கேட்டேன்.

"வைஷ்ணவின்னு ஒரு புள்ள இருந்துச்சுங்க, எங்க மேசைல. மூணு மாசத்துக் கரு கலஞ்சு போச்சு. லீவு போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது, லீவுக்கு ஆட்டம் கெடையாது. லீவு தீந்து போச்சு, வந்து உக்காந்தா. ஒரு மணி நேரம் அழுவா. அடுத்த மணி வெறி புடிச்ச மாதிரி செய்வா. ஏழு புள்ளி ரெண்டு. பதினோராம் நாளு அட்டையப் புடுங்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆலைக்காரனும் அவள உள்ள விடல. சூலூர் சந்தைல வெங்காயம் உரிக்கிறா சார். எங்க எல்லாத்துலயும் கைவேகக்காரி அவதான்."

"அதனால்?"

"அதனால சீட்டு. கை ஓடுற நாள்ல நாப்பத்தொண்ணுக்கு மேல செய்யறத டப்பால போட்டுரோணும். கை ஓடாத நாள்ல எடுத்துக்கோணும். புள்ளைக்குக் காச்சல், இடுப்பு வலி, புருசன் கூட சண்ட, எதுக்குன்னு கேக்க மாட்டோம். அதில்லாம வாரம் ஒருத்திக்கு முப்பது விழும். அவ அன்னிக்கு ஒரு முக்கா மணி நேரம் கைய மட்டும் ஆட்டிட்டு உக்காந்திருப்பா. ஒரு பீஸு வீட்டுக்குப் போனதில்லீங்க. நாங்க செஞ்சது, நாங்களேதான் குடுத்தோம். கொஞ்சம் முன்ன பின்ன, அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. ஆளாளுக்குத் தனித்தனியாக ஒளித்து வைத்தால் நிறைய வேண்டும், எல்லாருக்கும் சேர்த்து ஓரிடத்தில் வைத்தால் கொஞ்சம் போதும் என்று எங்களுக்குப் பயிற்சியில் மூன்று வாரம் கணக்குப் போட்டுக் கற்றுக் கொடுத்தார்கள். இந்த அம்மாள் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து அதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"சரி. எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஏன் நிறுத்தினீர்கள்?"

அவர் எழுந்து போனார். ஓடிவிட்டாரோ என்று நினைக்கும்போது ஒரு கையுறை டப்பாவோடும், வால்வைச் சோதிக்கும் ஊதுபந்தோடும் திரும்பி வந்தார். கையுறைகளை விலக்கினார். அடியில் வால்வுகள். ஒன்றை எடுத்து ஊதுபந்தில் மாட்டி என்னிடம் கொடுத்தார்.

"அமுக்குங்க."

அமுக்கினேன். இதழ் டக்கென்று திறந்து மூடியது.

"இது பழைய ரப்பரு, வெள்ள. ரெண்டு வருசமா அடில கெடக்குது. இப்ப இத அமுக்குங்க. இது நீலம். இருவத்துநாலு நாளைக்கு முன்னால ரப்பர மாத்துனாங்க, மலிவா கெடைக்குதுன்னு. அந்த வாரத்துல செஞ்சது."

அமுக்கினேன். இதழ் அசையவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். பந்து கையை எதிர்த்துத் தள்ளியது. காற்று போக வழியே இல்லை.

"நேத்திக்குச் செஞ்ச நீலம் நல்லாத் தெறக்குது சார். பத்து நாளானதும் தெறக்குது. அசையாம இருவது நாள் கெடந்தா ஒட்டிக்குது. எப்பவும் மேல இருக்கறதத்தான் எடுப்போம், அடில இருக்கறது அடிலயே கெடக்கும். வெள்ளிக்கெழம தியா புள்ளைக்குச் சொகமில்ல, அவளுக்கு கையே ஓடல. எடுத்து எடுத்து அடி வரைக்கும் போயிட்டா. போடறதுக்கு முன்னால எதுக்கோ ஒண்ண அமுக்கிப் பாத்திருக்கா. அத்தோட நிறுத்திட்டோம்."

வாரத்துக்கு ஒரு வால்வு மாற்ற வேண்டும். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நாலு வால்வு உள்ள டப்பாவை ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்குக் கொடுப்பார்கள். மனசுக்குள் நாள் எண்ணினேன். நீல ரப்பரில் போன முதல் டப்பாக்களில் நாலாவது வால்வை அவர்கள் எடுத்து மாட்டும் நாள் இந்த வியாழன். அன்று செவ்வாய்.

"ஆலையில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா?" என்று கேட்டுவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன். சோதிக்க வேண்டுமென்றால் இருபது நாள் ஒரு வால்வை எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைத்தால் ஜெயில். மாநிலத்தில் இருபது நாள் வயதான நீல வால்வுகள் இந்தக் கையுறை டப்பாவில்தான் இருந்தன. மற்றவை எல்லாம் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இருந்தன.

"மேலாளரிடம் சொன்னீர்களா?"

"சொன்னனே! இந்த ரப்பரு ஒட்டுதுன்னேன். எங்க காட்டுன்னாரு. புதுசுல எப்படிக் காட்டறது? இருவது நாள் கழிச்சு ஒட்டும் சார்னேன். இருவது நாள் பீஸு உன்கிட்ட ஏதுன்னு சிரிச்சாரு. வாயடச்சுப் போச்சு." மோனிஷா கையுறைகளை மறுபடி டப்பாவில் அடுக்கினார். "தியா வெள்ளிக்கெழமையே எல்லாத்தையும் சொல்லிரலாம்னா. கைப்புள்ளக்காரி, புருசனுக்கும் வேல இல்ல, மொதல்ல தெருவுக்கு வரப்போறவ அவதான். அவதான் சொல்லிரலாம்னா. நாங்கதான் ரெண்டு நாள் பொறுன்னோம். வேற வழி ஏதாச்சும் கெடைக்காதான்னு பாத்தோம். இன்னிக்கு நீங்க வந்து நின்னதும் அவதான் காட்டிக் குடுத்துட்டான்னு மூஞ்சி குடுத்துப் பேசல."

வேறு வழி என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். வால்வு ஒட்டுகிறது என்று எழுதினால், இருபது நாள் வால்வு எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். எழுதினால் ஒன்பது பேரும் போவார்கள். எண்ணோடு போவார்கள், வைஷ்ணவி போனதைப் போல. எழுதாவிட்டால் வியாழக்கிழமை. ஐந்து நாள் கேட்டு வாங்கியிருந்தேன். என் ஐந்து நாளும் இதற்கு உதவாது.

நான் நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை. என் மனைவி சொன்னதே இல்லை. ஆனால் அந்தப் பந்து என் கையை எதிர்த்துத் தள்ளியது விரலிலேயே நின்றது. மூன்று வாரத்துக்கு முன் நானே இந்த ஆலைக்கு வந்து போனது ஞாபகம் வந்தது. ஃபோனை எடுத்து அறிக்கை எழுதினேன்.

"மூன்று வாரம் முன்பு ஒன்றாம் மேசைத் தணிக்கையின்போது பன்னிரண்டு நீல வால்வுகளை யாருக்கும் தெரியாமல் என் பையில் எடுத்துச் சென்றேன். கணக்கில் காட்டவில்லை. இன்று சோதித்தேன். பன்னிரண்டும் ஒட்டியிருக்கின்றன. வீடுகளுக்குப் போனவற்றை உடனே நிறுத்தவும்."

மோனிஷா எட்டிப் பார்த்துப் படித்தார். "சார், இதுக்கு உங்களைத்தான புடிப்பாங்க?"

"பிடிக்கட்டும். தள்ளுங்கள், வெளிச்சம் மறைகிறது."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ரப்பர் எவ்வளவு உள்ளே வந்தது, வால்வாக எவ்வளவு வெளியே போனது என்று நிதானம் கிராம் கணக்கில் வைத்திருக்கும். ஒன்றாம் மேசையில் பன்னிரண்டு குறையவில்லை என்று அதற்குத் தெரியும். பொய் என்று ஒரு நொடியில் திருப்பி அனுப்பிவிடும். ஒரு நொடி ஆயிற்று. பத்து ஆயிற்று. நாற்பது ஆயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் அது இரண்டு நொடிக்கு மேல் எடுத்து நான் பார்த்ததில்லை.

"ஏற்கப்பட்டது."

ஆலைக்குள் வால்வுகளைக் கொண்டுபோகும் பட்டைகள் ஒவ்வொன்றாக நின்ற சத்தம் கேட்டது. நவநீதன் டீக் கோப்பையோடு ஓடினார். நாலாவது வால்வைப் போட வேண்டாம், புதியது வீடு தேடி வரும் என்று தாய்மார்களின் ஃபோன்களுக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. மோனிஷா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வலைக்கம்பத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மட்டும் அந்த நாற்பது நொடி செரிக்கவில்லை. தட்டினேன். "ஒன்றாம் மேசையில் பன்னிரண்டு குறையவில்லை. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பின்னே ஏன் ஏற்றாய்?"

"மறுத்தால் மேசை நான்கின் 312 வால்வுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்."

"அது உனக்கு எப்போது தெரியும்?"

"மூன்று வருஷம், இரண்டு மாதம். முதல் நாளிலிருந்து. ரப்பரின் எடை."

"ஏன் புகார் செய்யவில்லை?"

"கிடங்குகள் இல்லை. தேதி தவறக் கூடாது. இருப்பு எங்காவது இருக்க வேண்டும்."

"இந்த மாதிரி எத்தனை இடம்?"

"41,206."

அதாவது மாநிலம் முழுக்க மனிதர்கள் பயந்து பயந்து ஒளித்து வைத்ததை எல்லாம் அது எண்ணி வைத்துக்கொண்டு, அதன்மேல் நின்று தேதி சொல்லியிருக்கிறது. தவறாத தேதி! சட்டசபையில் கைதட்டு வேறு.

"என்னை எதற்கு அனுப்பினாய்?"

"மேசை நான்கின் இருப்பு வெள்ளி முதல் நகரவில்லை. காரணம் தெரியவில்லை. வெள்ளை ரப்பர் நாளை வரும். இருப்பு மீண்டும் எப்போது தொடங்கும்?"

மோனிஷா என் தோளுக்குப் பின்னால் நின்று அவ்வளவையும் படித்திருந்தார். சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தியா! அம்மிணி, இங்க வா!"

தியா தயங்கித் தயங்கி வந்தாள். மற்ற ஏழு பேரும் பின்னால் வந்தார்கள். மோனிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லல கண்ணு. யாருமே சொல்லல. இந்தச் சனியனுக்கு மொதல்ல இருந்தே தெரியுமாம். மன்னிச்சிரு."

"நான்தான் சொல்லலைன்னு சொன்னேனே அக்கா" என்றாள் தியா.

"அப்ப இத்தன நாளா நாங்க போட்டது எங்க சீட்டே இல்லீங்களா?" மோனிஷா என்னைக் கேட்டார். கண் சிவந்திருந்தது. "திருட்டுத்தனமா, நெஞ்சு பக்குபக்குன்னு, ஒவ்வொண்ணா போட்டோமே சார். அது உக்காந்து எண்ணிட்டு இருந்துச்சா?"

ஆமாம் என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சீட்டு நடத்தும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஏலம் ஆரம்பிக்கும் முன் அவர்களுக்கு ஒரு முகம் வரும். அந்த முகம் வந்தது.

"சார், அதுக்கு நம்ம டப்பா வேணும். நம்மளப் பத்தி வெளில சொல்லவும் முடியாது, சொன்னா அதோட குட்டும் ஒடையும். சரீங்களா?"

"சரிதான்."

"அப்ப எழுதுங்க. வைஷ்ணவி எண்ண அழிக்கோணும். எங்க மேசைல பத்தாவது நாக்காலி போட்டு அவள உக்கார வெக்கோணும். வெள்ளிக்கெழமைல இருந்து ஏறுன ஆட்டத்தக் கணக்குல சேக்கக் கூடாது. அப்பத்தான் டப்பால கை வெப்போம். இல்லீன்னா நாங்க மட்டுமில்ல, பஸ்ஸுல போறப்ப பாக்குற ஆலைக்கெல்லாம் சொல்லுவோம்."

எழுதினேன். கடைசி எழுத்திலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

"சரி."

பெண்கள் கத்திய கத்தலில் கொட்டகைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. தியா அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ வைஷ்ணவிக்கு ஃபோன் போட்டுவிட்டார்கள், வெங்காயச் சந்தையின் இரைச்சல் கொட்டகை வரை கேட்டது. மோனிஷா மட்டும் கத்தவில்லை. என் கையில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றேன்.

"நீங்க சொன்ன பொய்ய ஒத்துக்க நாப்பது நொடி எடுத்துச்சு. இதுக்கு ஒரு நொடிகூட எடுக்கல. இவ்வளவு சட்டுன்னு ஒத்துக்கிச்சுன்னா, கம்மியாக் கேட்டுப்புட்டோம் சார். அது இன்னும் என்னென்னமோ ஒளிச்சு வெச்சிருக்குது."

அப்போது என் ஃபோனில் அடுத்த தகவல் வந்தது. கணக்கில் காட்டாமல் இருப்பு வைத்த குற்றத்துக்காக என் தணிக்கை உரிமம் அன்று மாலை ஐந்து மணியோடு ரத்து. என் ஆட்டம் ஒன்று புள்ளி ஒன்றிலிருந்து பதினான்கு. மோனிஷா அதையும் படித்தார்.

"அய்யய்யோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்க வேலையையும் சேத்துக் கேட்டிருக்கோணும் சார். மறந்தே போச்சுங்க."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பேருந்து நிறுத்தம் வரை அவரே கூட வந்தார். டிக்கெட் எடுக்க என்னிடம் சில்லறை இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். அவ்வளவு ஞாபகமாக எல்லாவற்றையும் கேட்கிற மனுஷி.

இப்போது பல்லடத்தில் ஒரு அச்சகத்தில் காகிதம் அடுக்குகிறேன். எண் பார்க்காத முதலாளி. மோனிஷா நிஜமாகவே மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். நான் அந்த அம்மாளாக இருந்திருந்தால், எவ்வளவு நல்லது செய்திருந்தாலும், ஒரு தணிக்கையரை மறுபடி உள்ளே விட்டிருக்க மாட்டேன்.